அது குடிக்கிற தண்ணி இல்லீங்க

வேண்டாமுங்க தம்பி, அதத் தொடாதீங்க. அது குடிக்கிற தண்ணி இல்லீங்க.

தப்பா நெனச்சுக்காதீங்க. வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது, டிரைவரு டீக்கடையில எறங்குனவரு இன்னும் காணோம், பக்கத்துல ஒருத்தன் மடியில பாட்டல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா யாரா இருந்தாலும் ஒரு வாய் கேக்கத்தான் செய்வாங்க. வேற தண்ணியா இருந்தா நானே எடுத்து நீட்டியிருப்பேன். இது ஈரோட்டுல பரிசோதனைக்குக் குடுக்கறதுக்குக் கொண்டு போறதுங்க. பாருங்க, மூடிக்கு மேல துணி போட்டு நூலு சுத்தியிருக்குது.

சிரிக்கறீங்களா? இல்லீங்களா, செரி. எனக்கு இப்பெல்லாம் யாரு மூஞ்சியப் பாத்தாலும் சிரிக்கற மாதிரியே தெரியுது. உங்ககிட்ட இப்ப ஒரு வார்த்த சொன்னனே, அதே வார்த்தயப் போன வாரம் ஊரு முன்னால சொல்லிப்போட்டு, அதிலிருந்து வெளிய தலகாட்ட முடியலீங்க. முக்காட்டுத் துண்டோட பஸ் ஏறியிருக்கேன், நீங்களே பாத்தீங்க. வெயிலுக்குன்னு நெனச்சிருப்பீங்க.

நம்மூரு புங்கங்காட்டுப்புதூருங்க. காங்கேயத்துக்குப் பக்கத்துல. அங்க நாந்தான் தலைவரு. அதாவது, என்ற ஊட்டுக்காரி தலைவி. பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிப்போட்டாங்க, அவள நிக்க வெச்சோம், ஜெயிச்சா. கோகிலவாணின்னு பேரு. ஆனா ஊருக்குள்ள போயி தலைவரு ஊடு எதுன்னு கேட்டீங்கன்னா, இந்தச் சென்னியப்பன் ஊட்டுக்குத்தான் கை காட்டுவாங்க. கூட்டத்துல பேசறது நானு, ஆபீசருங்களப் பாக்கறது நானு, கையெழுத்து அவ போடுவா. நல்ல பொம்பளைங்க. நான் கிழிச்ச கோட்டத் தாண்டுனதில்ல. போன வாரம் வரைக்கும்.

பெருமைக்குச் சொல்லல தம்பி, ஊர நான் அப்படி வெச்சிருந்தேன். ரோட்டுல ஒரு காயிதம் கெடக்காது. ஊட்டுக்கு ரெண்டு கூடை, பச்சைல ஒண்ணு, நீலத்துல ஒண்ணு. மக்கறது வேற, மக்காதது வேற. காத்தால பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வரும், பொம்பளைங்க ரெண்டு கூடையும் கொண்டாந்து கொட்டுவாங்க. பக்கத்து ஊருக்காரன் வந்து பாத்துட்டு வாயப் பொளந்துட்டுப் போவான். இந்தப் பசுமை ஊருன்னு ஒரு விருது குடுக்கறாங்கல்ல, அதுக்குப் பேரு குடுத்தேன். எங்க மாவட்டத்துலயே எங்களுக்குத்தான் வருமுன்னு சொன்னாங்க.

குப்பைய எங்க கொட்டுனீங்கன்னு கேக்கறீங்க. எல்லாரும் இப்ப அதத்தான் கேக்கறாங்க. பழைய பாறைக்குழி ஒண்ணு இருக்குதுங்க, கல்லு ஒடச்ச குழி. அங்க கொட்டுனோம். ஊருக்கு வெளியில, ஒருத்தரு கண்ணுலயும் படாது. காலனிக்கு மேல்புறத்துல. காலனிக்காரங்க கண்ணுல படும், அது செரிதான். அவங்க மொதல்ல ஒண்ணும் சொல்லலீங்களே. பிரிச்சுத்தான் கொண்டு போனோம், நான் பொய் சொல்லல. குழியில போயி ரெண்டும் மறுக்கா ஒண்ணாச் சேந்துபோச்சு. ஒரத்தொட்டி கட்டறதுக்கு எடம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஊருக்குள்ள எங்க கட்டுனாலும் நாறுதும்பாங்க.

காலனிக் கெணறு அந்தக் குழிக்குக் கீழ்ப்பக்கமுங்க. ஊருக்குக் காவேரித் தண்ணி வருது. காலனித் தொட்டிக்கு ஏறாது, கடைசியில இருக்குதல்ல, வர்றதுக்குள்ள நின்னுபோகும். அதனால அவங்களுக்கு அந்தக் கெணறுதான். கோடை மழை ஒரு பாட்டம் ஊத்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் தண்ணி கொழகொழன்னு வருது, ஒரு மாதிரி வாடை அடிக்குதுன்னு ஒரு புகாரு. சொன்னது துளசிமணி.

துளசிமணி யாருன்னா, காலனி வார்டு மெம்பருங்க. சின்னப் புள்ள, திருப்பூரு பனியன் கம்பெனிக்கு வேன்ல வேலைக்குப் போற புள்ள. அவ மாமியாகாரி இன்னைக்கும் என்னப் பாத்தா சாமின்னு கும்புட்டுட்டு ஒதுங்கி நிப்பா. இந்தப் புள்ள சாருன்னு கூப்புடும். நான் ஒண்ணும் சொன்னதில்ல. காலம் மாறிப்போச்சு, நம்மளும் மாறோணுமல்ல.

கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, "சார், கொழந்தைங்களுக்கெல்லாம் வகுத்தால போகுது. தண்ணியில என்னமோ கலக்குது. வந்து பாருங்க"ன்னுச்சு. நான் சொன்னேன், "மழைக்குக் கலங்கியிருக்கும் அம்மிணி, தெளிஞ்சிரும். நல்ல தண்ணிதான், பயப்படாமக் குடிங்க. விருதுக் குழு வந்துட்டுப் போகட்டும், எறைச்சு மருந்து போட்டுரலாம்." இதுல என்னங்க தப்பு? ஒரு காரியம் நடக்கற நேரத்துல இன்னொன்னக் கெளப்புனா ரெண்டும் கெட்டுரும். அப்பவும் அந்தப் புள்ள உக்காரல. என்ற ஊட்டுக்காரியப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. இவ குனிஞ்சுக்கிட்டா.

அப்பாடா, டிரைவரு வந்துட்டாரு, வண்டி கெளம்பிருச்சு. நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? செரி, செரி. அங்க எனக்கு ஒரம்பரைங்க, சொந்தக்காரங்க இருக்கறாங்க. உங்க ஊடு எந்தப் பக்கம், கோயிலுக்குப் பக்கத்துலயா, இல்ல அந்தப் பக்கமா? சும்மா கேட்டனுங்க. பேச்சுக்குத்தான்.

சாதி பாக்கறவன்னு என்ன ஒருத்தன் சொல்லட்டும். மன்றத்துல டீ குடுக்கறப்ப பிரச்சன வரக் கூடாதுன்னு, எல்லாருக்கும் காயித டம்ளரு போட்டது நாந்தான். யாரு எதுல குடிச்சாங்க, யாரு கழுவறதுன்னு ஒரு சங்கடமுமில்ல பாருங்க. குடிச்சமா, கசக்கி எறிஞ்சமா, முடிஞ்சுது. கோகிலாதான் கேட்டுக்கிட்டே இருந்தா, "குப்பையில்லாத ஊருங்கறீங்க, வாரவாரம் ஒரு கூடை காயித டம்ளர நம்மளே எறியறோமே மாமா"ன்னு. அவளாப் போயி எவர்சில்வரு டம்ளரு ரெண்டு டசன் வாங்கியாந்து, 'ஊராட்சி மன்றம்'னு பேரெல்லாம் வெட்டி வெச்சா. நான் பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டேன். விசேசத்துக்கு எடுத்துக்கலாமுன்னு.

காலனிக்கும் நான் போகாதவனில்ல. ஓட்டுக் கேக்கப் போவேன், சாவுக்குப் போவேன், அவங்க கோயில் நோம்பிக்குப் போயி நின்னுட்டு வருவேன். போனா எளநி வெட்டிக் குடுப்பாங்க, வாங்கிக் குடிப்பேன். எத்தன பேரு குடிப்பான், சொல்லுங்க. எங்கப்பன் காலத்துல அதுவும் கெடையாது. நம்ம பக்கத்துல எல்லா ஊருலயும் அதான் வழக்கமுங்க. ஊருக்காரன் போனா அவங்க தண்ணி மோந்து குடுக்க மாட்டாங்க. எளநி, இல்லைன்னா கடையில வாங்குன ஒடைக்காத சோடா, கலரு. அவங்களாவே தெரிஞ்சு நடந்துக்குவாங்க. நம்ம வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

குழு வந்தாங்க. ஒரு மேடம், ஒரு பெரியவரு. காத்தால பள்ளிக்கூடத்துல பந்தல் போட்டு மேடையில பேசுனேன். ஒரு ஊட்டுக்குக் கூட நல்ல தண்ணி இல்லைன்னு இல்ல, ஒரு தெருவுல கூடக் குப்பை இல்ல, அப்படின்னேன். கை தட்டுனாங்க. அப்புறம் சுத்திக் காட்டறது. பூங்கா, மழத்தண்ணிக் குழி, மரம் நட்ட எடம்னு எந்தெந்த வழியாப் போகோணுமுன்னு அவங்க வண்டி டிரைவருகிட்ட நானே சொல்லி வெச்சிருந்தேன். நான் முன்னால பைக்குல போறேன். திரும்பிப் பாத்தா வண்டியக் காணோம். வண்டிக்குள்ள அந்த மேடம் பக்கத்துல யாரு, கோகிலா. இவதான் டிரைவருகிட்ட, "காலனிப் பக்கம் திருப்புப்பா"ன்னு சொல்லியிருக்கறா.

பாறைக்குழியப் பாத்துருவாங்களேன்னு பைக்க நிறுத்திப்போட்டேன். ஆனாலும் ஒரு தைரியம். அப்படி வந்தாலும் வருவாங்கன்னு முந்துன நாளே என்ற தோப்புலயிருந்து ஒரு குலை எளநி காலனிக்கு அனுப்பி வெச்சிருந்தேன். வெயிலுக்கு வந்தவங்களுக்குக் குடுங்க, நாலு நல்ல வார்த்த சொல்லுங்கன்னு. பைக்கத் திருப்பிக்கிட்டு ஓடறேன், அதுக்குள்ள எல்லாம் எறங்கி மாரியாத்தா கோயில் வேப்பமரத்துக்கடியில சேரு போட்டு உக்காந்திருக்கறாங்க. காத்து பாறைக்குழிப் பக்கமிருந்து அடிக்குது. அந்த மேடம் முந்தானைய மூக்குல வெச்சுக்கிட்டாங்க. நான் போயி நின்னேன். எளநி ஒரு ஓரமாக் கெடக்குது, ஒண்ணு கூட வெட்டல.

துளசிமணி வருது. கையில பித்தளச் சொம்பு. இன்னொரு கையில தட்டு, தட்டுல டம்ளரு. எவர்சில்வரு. நான் பூட்டி வெச்ச டம்ளருங்க. 'ஊராட்சி மன்றம்'னு வெயில்ல பளபளன்னு தெரியுது. பீரோச் சாவி யாருகிட்ட இருக்குமுன்னு நான் சொல்லோணுமா.

"எளநி எதுக்குங்க, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க"ன்னு சொல்லி ஊத்துது. குழுக்காரங்க ரெண்டு பேரும் கையில பாட்டல் வெச்சிருக்கோமுன்னாங்க, செரின்னு விட்டுருச்சு. கோகிலா வாங்கிக்கிட்டா. அப்புறம் எங்கிட்ட வந்துச்சு. காலனி மொத்தமும் நிக்குது. அந்த மாமியாகாரி கெழவி தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, வேண்டாம் வேண்டாமுன்னு மருமவளுக்குக் கைய ஆட்டறா.

நான், "இப்பத்தான் காப்பி குடிச்சேன் அம்மிணி"ன்னேன்.

"பரவால்லீங்க சார், ஒரு வாய் குடிங்க."

"வேண்டாம், தாகமில்ல."

அந்தப் புள்ள போகலீங்க. நீட்டுன கைய எடுக்கல. அது ஒண்ணும் கோவமாப் பேசல தம்பி, அதான் எனக்கு இன்னும் ஆத்தமாட்டாம இருக்குது. கோவமாப் பேசியிருந்தா நானும் ரெண்டு சத்தம் போட்டுருப்பேன். அந்தப் பெரியவரு மெதுவா மூக்குக் கண்ணாடியக் கழட்டிக்கிட்டுக் கேட்டாரு, "ஏன் தலைவரே, இங்க குடிக்க மாட்டீங்களா?" அவரு கேட்ட தொனியிலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு, என்ன நெனைக்கறாருன்னு. என்னைய. சாதி பாக்கறவன்னு. காயித டம்ளரு போட்டவன, எளநி குடிக்கறவன. எனக்கு மூஞ்சியெல்லாம் பத்திக்கிச்சு, என்ன பேசறேன்னு தெரியாம வார்த்த வந்துருச்சு.

"ஐயா, சாதி பாத்து இல்லீங்க. அது குடிக்கிற தண்ணி இல்லீங்க."

சொல்லி முடிச்சப்புறந்தான் காதுல விழுகுது, நான் என்ன சொன்னேன்னு.

துளசிமணி, "நல்ல தண்ணின்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க"ன்னுச்சு. அவ்வளவுதான். பெரியவரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு அந்தப் பக்கமாப் பாறைக்குழியப் பாத்தாரு. நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம கோகிலாவப் பாத்தேன். அவ டம்ளர வாயில வெச்சு பாதி குடிச்சிருக்கறா. நான் சொன்னது அவ காதுலயும் விழுந்துருக்குது. கீழ வெப்பான்னு பாத்தேன். வெக்கலீங்க. என்னப் பாத்துக்கிட்டே மிச்சத்தையும் குடிச்சு முடிச்சா.

விருதெல்லாம் போச்சு. அத விடுங்க. ஒரம்பரைங்க போனு மேல போனு. ஒருத்தன், "என்ன மாப்பள, உன்ற பொண்டாட்டி காலனியில தண்ணி குடிச்சாளாமே"ங்கறான். இன்னொருத்தன், "தண்ணிய நாசம் பண்ணிப்போட்டு நல்லாருக்குதுன்னு மேடையில பேசுனியாமே"ங்கறான். மொதல்ல எனக்கு அவ மேலதான் கோவம். ஊட்டுக்கு வந்ததும் கத்துனேன், நாலு பேரு முன்னால என்னத் தலகுனிய வெச்சுட்டயேன்னு.

அவ எதுத்துக் கத்தல. சோத்துச் சட்டியத் தொடச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டா. "மாமா, அது கெட்ட தண்ணின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னா, நான் வாயில வெக்கறப்ப ஏனுங்க என்ற கையப் புடிக்கல?"

நெசமாச் சொல்லறேன் தம்பி. பக்கத்துலதானுங்க நின்னேன். கை எட்டற தூரம். அவ டம்ளர வாங்கறதப் பாத்தேன், தூக்கறதப் பாத்தேன். அப்ப என்ற மனசுல வெசத்தண்ணியாச்சேன்னு ஒரு நெனப்பு வந்துச்சா? வரலீங்க. என்ன நெனப்பு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஐயையோ, எல்லாரும் பாக்க இவ குடிக்கறாளேன்னுதான் வந்துச்சு. அதச் சொன்னா அவகிட்ட மூஞ்சியில முழிக்க முடியுமா. மறந்துட்டேன்னு சொன்னேன். அவ செரின்னுட்டா. அந்தச் செரிதான் இன்னும் நெஞ்சுல கெடக்குது.

அடுத்த நாளிலிருந்து அவளே மன்றத்துல போயி உக்காந்துக்கிட்டா. பேட்டரி வண்டி பாறைக்குழிப் பக்கம் போகக் கூடாதுன்னுட்டா. மக்கறதுக்கு எங்க குழி வெட்டியிருக்கறா தெரியுங்களா? என்ற தோப்புல. பத்தரத்துல அவ பேரும் இருக்கற தோப்புதான், மறுக்க முடியல. குழியில கெடக்கறத அள்ள மிசினு வந்திருக்குது. காலனிக்காரங்க இப்ப ஊரு பைப்புலதான் தண்ணி புடிக்கறாங்க. கொடத்தத் தூக்கிக்கிட்டு எங்க வாசலத் தாண்டித்தான் போகோணும். ஊரு மொணங்குது. நான் சன்னலச் சாத்திக்கறேன்.

கெணத்துத் தண்ணியப் பரிசோதனைக்கு அனுப்போணுமுன்னு பேச்சு வந்தப்ப, ஆளு அனுப்பறேன்னேன். "நீங்களே கொண்டு போங்க மாமா"ன்னா. காத்தால கெணத்தடிக்குப் போனேன். துளசிமணிதான் எறைச்சு, பாட்டல ரொப்பி, மூடி, நூலு சுத்திக் குடுத்துச்சு. கையோட கை பட்டுச்சுங்க, அதெல்லாம் நான் பாக்கறதில்ல. குடுக்கறப்ப கேட்டுச்சு, "குப்பையெல்லாம் அள்ளி, கெணத்த எறைச்சு, நல்ல தண்ணி ஊறட்டும் சார். அப்ப ஒரு சொம்பு கொண்டாறேன். குடிப்பீங்கல்ல?" சுத்தியும் ஆளு நிக்குது. குடிக்காம என்ன அம்மிணின்னுட்டேன். சொல்லிட்டேன். அந்த நாளு வந்தா தொண்டையில எறங்குமான்னு எனக்கே தெரியல.

அதுவாச்சும் நாளைக்கு. இன்னைக்கு இத என்ன பண்ணறது? இதுல என்ன இருக்குதுன்னு அவங்க பாத்துச் சொல்லிருவாங்க. கெட்ட தண்ணின்னு வந்துச்சுன்னா, பாத்தியா, நான் சொன்னது நெசந்தான், தண்ணியத்தான் வேண்டாமுன்னேன், உங்களையில்லன்னு கோகிலா முன்னால நிக்கலாம். அந்தப் புள்ள முன்னால நிக்கலாம். நல்ல தண்ணின்னு வந்துச்சுன்னு வெச்சுக்குங்க, அப்பறம் நான் எதுக்குக் குடிக்கலைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும்.

காங்கேயத்துல பஸ் ஏறுனதிலிருந்து வேண்டிக்கிட்டு வர்றனுங்க. செவமல ஆண்டவரு கோபுரம் தெரியறப்பக் கூட அதேதான். கெட்ட தண்ணின்னு வரோணும், சாமி, கெட்ட தண்ணின்னே வரோணும். பாதி வழி வந்ததுக்கப்புறந்தான் ஒறைக்குது. அந்தக் கொழந்தைங்க அதத்தானுங்க குடிச்சுக்கிட்டு இருந்துச்சுக. மழை நின்னதிலிருந்து தெனமும். கோகிலாவும் ஒரு டம்ளரு குடிச்சிருக்கறா. அத்தன பேரு வகுத்துலயும் வெசம் இருக்கோணுமுன்னு ஒருத்தன் சாமியக் கும்புடறான் பாருங்க, என்ற மானத்துக்கு. ஒறைச்சும் வேண்டறத நிறுத்த முடியல. இப்பக் கூட, உங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்கறப்பக் கூட, உள்ள அதேதான் ஓடுது.

வந்துருச்சு, என்ற ஸ்டாப்பு. சித்த இந்தப் பாட்டலப் புடிங்க தம்பி, துண்டச் சுத்திக்கறேன். அட, நூலு நனஞ்சிருக்குது, மூடி கசியுதாட்டம். குடுங்க, குடுங்க, நானே வெச்சுக்கறேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? கையத் தொடச்சதுக்கா? இல்லீங்க தம்பி, அதுக்கில்லீங்க. கெட்ட தண்ணியா இருக்குமோன்னுதான்.